ஆடி மாதத்தில் மங்கோலியா

பயணத்துக்கு ஆடி மாதத்தைத் தேர்ந்தெடுத்தது கலாவதிதான். அந்த யோசனை தோன்றிய அன்று தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டாள். ஆடியில் யாரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள். காதுகுத்து கிடையாது, சீர் கிடையாது, புது வீட்டில் பால் காய்ச்சுவது கிடையாது. கோபிச்செட்டிபாளையத்திலிருந்து எந்த அழைப்பும் வர வழியில்லாத ஒரே மாதம் அது. ஜூலை இருபதாம் தேதி கிளம்பினால் ஆகஸ்ட் மூன்று வரைக்கும் பதினான்கு நாள். பஞ்சாங்கம் பார்த்து மங்கோலியாவுக்கு டிக்கெட் போட்ட ஆள் டெக்சாஸிலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. ஃபிரிஸ்கோவில் வீடு, பிளேனோவில் வேலை. வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. வருடத்துக்குப் பதினைந்து நாள் லீவு, அந்தப் பதினைந்தும் ஊருக்கு. ஒரு வருடம் கணவன் இளமாறனின் சித்தப்பா பையன் கல்யாணம். ஒரு வருடம் பெருந்துறையில் அவளுடைய அண்ணன் வீட்டுப் புதுமனை. ஒரு வருடம் மகள் வெண்பாவுக்கு மொட்டையடித்துக் காது குத்த. ஒரு வருடம் மாமனாரின் காரியம், மறு வருடம் அவருடைய திதி. பெட்டி நிறையப் பாதாமும் வைட்டமின் மாத்திரையும் சுமந்துபோய், பதினைந்து நாளும் பட்டுப்புடவையில் வியர்த்து, பதினாறாம் நாள் கண் எரிய ஆபீஸ் நாற்காலியில் வந்து உட்காருவாள். வெக்கேஷன் எப்படி இருந்தது என்று கேட்பார்கள். கிரேட் என்பாள். அதற்குமேல் விளக்க அவளுக்குத் தெம்பு இருந்ததில்லை.

மங்கோலியா அவள் தேடிப் போனதல்ல, வேலையில் வந்து ஒட்டிக்கொண்டது. பயணம் புக் பண்ணும் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பதுதான் அவள் தொழில். நிஜப் பயணிகளின் பதிவுகளோடு குழம்பிவிடக்கூடாது என்று எவனோ ஒரு புரோகிராமர், யாரும் அதிகம் போகாத ஊராகத் தேடிப்பிடித்து, மாதிரிப் பயணமாக மங்கோலியப் புல்வெளியை வைத்துவிட்டான். பதினோரு மாதம் தினமும் கலாவதி அந்தப் பயணத்தைப் பொய்ப் பெயர்களில் புக் பண்ணினாள், தேதி மாற்றினாள், கேன்சல் பண்ணினாள். பக்கத்தின் மேலே ஒரு படம் இருக்கும். வானம் வரைக்கும் புல், நடுவில் வெள்ளையாக ஒரு கூடாரம், அவ்வளவுதான். முதலில் அதை அவள் கவனிக்கவே இல்லை. ஒருநாள் மத்தியானம், மூன்று மீட்டிங் முடிந்து தலை கனத்துக்கிடந்தபோது, அந்தப் படத்தில் ஒரு மனிதர்கூட இல்லை என்பது கண்ணில் பட்டது. அங்கே போகவேண்டும் என்று அன்றைக்கே ஆசை வந்துவிட்டது. ஆசை என்றால் சின்ன ஆசை இல்லை. தாகம் எடுத்தவளுக்குத் தண்ணீர்மேல் இருக்கிற ஆசை.

இளமாறனிடம் சொன்னபோது அவன் கேட்ட முதல் கேள்வி, "அங்க டாய்லெட் எப்படி?"

"கூடாரத்துக்கு வெளிய அம்பதடி நடக்கணுமாம்."

"ராத்திரியிலயுமா?"

"ராத்திரியில மட்டும் அது பக்கத்துல நகர்ந்து வராதுங்க."

இளமாறன் கெட்டவன் இல்லை. எதையும் எக்செல் ஷீட் போட்டுத்தான் செய்வான், அவ்வளவுதான். ஷீட் போட ஆரம்பித்துவிட்டால் சம்மதித்துவிட்டான் என்று அர்த்தம். டாலஸிலிருந்து சியோல், சியோலிலிருந்து உலான்பாத்தர், அங்கிருந்து மேற்கே ஏழு மணி நேரம் ஜீப்பில். எத்தனை பாக்கெட் பருப்புப் பொடி, எத்தனை புளிக்காய்ச்சல், குளிர் எத்தனை டிகிரி என்று எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் ஒதுக்கினான். பதினைந்து வயது வெண்பா, போன வருடத்திலிருந்து சைவம். மங்கோலியாவிலோ காலையிலும் ஆடு, மாலையிலும் ஆடு. உலான்பாத்தரில் டூர் நடத்தும் பெண்ணுக்கு இதை எழுதிக் கேட்டதற்கு, கவலைப்படாதீர்கள், உங்கள் மகளுக்கு ஆட்டைச் சிறிய துண்டுகளாக வெட்டிப் போடுகிறோம் என்று பதில் வந்தது. "ஐ வில் ஜஸ்ட் ஈட் பிரெட், அம்மா. இட்ஸ் ஃபைன்," என்றாள் வெண்பா. அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், வாயில்தான் வராது.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஊரில் என்ன சொல்வது என்பதில்தான் மாட்டிக்கொண்டார்கள்.

ஊரில் இருந்தது இளமாறனின் அக்கா சண்முகப்ரியா. அவனைவிடப் பத்து வயது மூத்தவள். அம்மா சீக்கிரம் போய்விட்ட வீட்டில் அவனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கு அனுப்பியவள். கல்யாணமாகி கோபிக்குப் பக்கத்தில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் மயில்சாமி வீட்டுக்குப் போன பிறகும், தம்பிக்குத் தூக்குப்போசியில் சாப்பாடு அனுப்பியவள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அக்காவுக்குப் போன் போடாமல் இளமாறன் காபியைத் தொடமாட்டான். கலாவதிக்கு அவள் நங்கையா. கணவனின் அக்காவை அந்தப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை நங்கையா கேட்டாள். "ஏஞ் சாமி, இந்த வருசம் எப்ப வாறீங்க? ஆடி நோம்பிக்கு வந்தா நல்லாருக்குமே. விசேசம் ஒண்ணுமில்லாத மாசம், அக்கடான்னு இருக்கலாம்."

லீவை ஊருக்கு வராமல் வேறு எங்கோ செலவழிக்கிறோம் என்று ஊரில் சொல்லிவிட முடியுமா? இங்கே இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், முடியாது. அது திருட்டைவிடப் பெரிய குற்றம். இங்கே இருப்பவர்கள் எல்லோரும் அதற்கு ஒரே ஒரு பொய்தான் வைத்திருக்கிறார்கள். இளமாறனும் அதையே எடுத்துவிட்டான்.

"லீவே குடுக்க மாட்டேங்கறாங்கக்கா. புது புராஜெக்ட். மேனேஜர் ரொம்ப மோசம்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் ஒன்று சொன்னால் நான்கு சொல்வான். சனிக்கிழமைகூட வேலை என்றான், கலாவுக்கும் அப்படித்தான் என்றான், மத்தியானம் சாப்பிடக்கூட நேரமில்லை என்றான். அந்தப் பக்கத்தில் சண்முகப்ரியாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அத்தாந்தொலவு போயி இந்தப் பாடு படோணுமா உனக்கு?" என்றாள். போனை வைத்தபிறகு இளமாறன் அரை மணி நேரம் தோட்டத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். கலாவதிக்கும் உள்ளே குத்தியது. குத்தினாலும் டிக்கெட் டிக்கெட்தானே என்று இருந்துவிட்டாள்.

ஜூன் இரண்டாவது சனிக்கிழமை அந்தப் பொய் திரும்பி வந்து கதவைத் தட்டியது. போனில் சண்முகப்ரியாவின் குரல் என்றும் இல்லாத துள்ளலாக இருந்தது.

"சாமி, உனக்கு லீவு இல்லாட்டி என்ன, நானே வாறேன். டிக்கெட் போட்டாச்சு. ஆடி ஒண்ணு நோம்பி கும்புட்டுட்டு அன்னைக்கு ராத்திரியே ஏறிர்றேன். ஜூலை பதினெட்டு அங்க வந்துருவேன். மூணு வாரம்."

விசா அவளிடம் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் இவர்கள் ஃபிரிஸ்கோவில் வீடு வாங்கிப் பால் காய்ச்சியபோது வருவதற்காக எடுத்தது. கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது அவள் மாமனார், மயில்சாமியின் அப்பா, குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அவர் அன்று படுத்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. அந்த விசா முத்திரை படாமல் பீரோவில் கிடந்தது.

ஆடியில் விசேஷம் இல்லை என்று கணக்குப் போட்ட கலாவதி, அதே காரணத்தால் ஊரில் இருப்பவர்களுக்கும் அந்த மாதம் கை ஓய்ந்திருக்கும் என்பதை மறந்துவிட்டாள். ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றாள். கையில் தோசைக்கரண்டி இருந்தது. இளமாறனின் முகத்தைப் பார்த்தாள். அவன் முகம் பத்து வயதுப் பையன் முகமாக மலர்ந்திருந்தது. "வாக்கா! வா வா!" என்று கத்திக்கொண்டிருந்தான். மங்கோலியா அவன் நினைவில் இல்லவே இல்லை. போனை வைத்த பிறகுதான் திரும்பி இவளைப் பார்த்தான்.

கலாவதி அடுப்பை அணைத்தாள். தோசை பாதி வெந்திருந்தது.

"கலா..."

"இப்ப ஒண்ணும் பேசாதீங்க."

பேசாமல் எத்தனை நேரம் இருப்பது? மத்தியானம் பேசினார்கள், சாயந்திரமும் பேசினார்கள். அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றாள் இவள். இப்போது சொன்னால் பொய் சொன்னதும் சேர்ந்து தெரிந்துபோகும், அக்கா மனசு விட்டுப்போகும் என்றான் அவன். ஆறு வருடமாக அவள் வாசலைத் தாண்டவில்லை, வரும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு போவதா என்றான்.

"அடுத்த வருசம் போலாம் கலா. மங்கோலியா எங்கயும் ஓடிடாது."

"அது ஓடாது. நான்தான் ஓடிட்டே இருக்கேன்," என்றாள் கலாவதி. அவளுக்குக் கத்தவேண்டும்போல இருந்தது. கத்தவும் அலுப்பாக இருந்தது. சோபாவில் அப்படியே சாய்ந்துகொண்டாள். கேன்சல் பண்ண ஜூன் இருபதாம் தேதி வரைக்கும் நேரம் இருந்தது. அதற்குப் பிறகு பண்ணினால் ஒன்றும் திரும்ப வராது. புக்கிங் எல்லாம் அவள் கையில்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு ஆபீஸ் கார் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தினாள். இறங்கவில்லை. ஊரில் அப்போது மாலை ஆறு. அவன் சொல்லாவிட்டால் போகிறது, நானே சொல்லிவிடுகிறேன், வருகிற கெட்ட பெயர் எனக்கே வரட்டும் என்று முடிவு பண்ணிக்கொண்டு நங்கையாவுக்குப் போன் போட்டாள்.

சண்முகப்ரியா எடுத்தாள். "இரு கண்ணு, மோட்டார் ரூமுக்கு வந்துர்றேன், இங்க பேச முடியாது," என்று நடந்தாள். ஏதோ கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"நங்கையா, ஒண்ணு சொல்லோணுமுங்க. கோவிச்சுக்காதீங்க."

"சொல்லு."

கலாவதி சொன்னாள். லீவு இல்லையென்றது பொய் என்றாள். மங்கோலியா என்றாள். அது எங்கே இருக்கிறது என்றும் ஏன் அங்கே என்றும் சொன்னாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு லீவுகூடத் தனக்கென்று எடுத்ததில்லை என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. ஊருக்கு வரப் பிடிக்காமல் இல்லை, களைத்துப்போய்விட்டேன், அவ்வளவுதான் என்றாள்.

"எத்தன நாளு?" என்றாள் சண்முகப்ரியா.

"பதினாலு நாளுங்க. இருவதாந் தேதி கெளம்பறதா இருந்துச்சு."

"அப்ப பதினாலு நாளும் ஊட்டுல ஆரும் இருக்கமாட்டீங்களா?"

கலாவதிக்கு அழுகை வந்துவிட்டது. "மன்னிச்சுக்கங்க நங்கையா. நாங்க கேன்சல் பண்ணிர்றோம். நீங்க வாங்க."

"அட, இரு அம்மணி. கேன்சல் கீன்சல் பண்ணிப்போடாத." நங்கையாவின் குரல் தணிந்தது. "நானும் ஒண்ணு சொல்லோணும் உனக்கு. நீயும் கோவிச்சுக்காத. இங்க ஊட்டுல நான் உனக்கு ஆப்பரேசன்னு சொல்லியிருக்கேன்."

"எனக்கா?"

"கருப்பையில கட்டின்னு. எடுக்கறாங்க, தொணைக்கு ஆள் இல்ல, நான் போயித்தான் தீரோணும்னு சொன்னேன். அந்தச் சங்கதின்னா ஆம்பளைங்க மேல எதுவுங் கேக்கமாட்டாங்க. எங்க ஊட்டுக்காரரு உடனே சரின்னுட்டாரு. மாமனாருக்கு ஆள் போட்டிருக்குது. இளமாறனுக்கும் தெரியாது."

கலாவதிக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. "ஏனுங்க நங்கையா?"

"தூங்கறதுக்கு."

சண்முகப்ரியா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். முப்பத்தெட்டு வருடமாக நான்கரை மணிக்கு எழுந்திருக்கிறாள். ஆறு வருடமாக ராத்திரி மூன்று தடவை மாமனாரைப் புரட்டிப் படுக்கவைக்கிறாள். மண்டி ஆட்களுக்குச் சாப்பாடு, வருகிறவர்களுக்குக் காபி. பகலில் கொஞ்சம் சாய்ந்தால், ஏன் படுத்திருக்கிறாய், உடம்புக்கு என்ன என்று ஆளுக்கு ஆள் கேட்பார்கள்.

"எனக்கு நோவுன்னு சொன்னா கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப்போயி ஊசி போட்டு, மக்யா நாளே கொண்டாந்து அடுப்படியில விட்டுருவாங்க. அதான் உனக்கு நோவுன்னு சொன்னேன்," என்றாள். பிறகு ஒரு குழந்தை கேட்பதுபோலக் கேட்டாள். "நீங்க போயிட்டு வாங்க அம்மணி. ஊட்டுச் சாவிய மட்டும் குடுத்துட்டுப் போங்க. ஆரும் இல்லாத ஊடு. ஆரும் அக்கான்னு, அம்மான்னு, ஆத்தான்னு கூப்பிடாத ஊடு. எனக்கு அது போதும்."

கலாவதி ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று சொல்லமுடியாமல் உடம்பு குலுங்கியது. இத்தனை வருடமாக இந்த நங்கையாவை அவள் ஒரு கடமையாகத்தான் பார்த்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

"தம்பிகிட்டச் சொல்லிப்போடாத," என்றாள் சண்முகப்ரியா வைப்பதற்கு முன்னால். "அவனைப் பாக்கத்தான் வாறேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கட்டும். பாக்கோணும்னும்தான் வாறேன். ஆனா தூக்கந்தான் மொதல்ல."

அன்று சாயந்திரம் கலாவதி இளமாறனிடம் பாதியைச் சொன்னாள். அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், கோபமே இல்லை, போய்வரச் சொல்லிவிட்டார், நாம் வரும்வரைக்கும் வீட்டில் இருந்துகொள்கிறாராம் என்றாள். மூன்று பேரும் கிளம்பலாம் என்று நினைத்தபோதே மனசு லேசாகியிருந்தது. இளமாறன் நெடுநேரம் யோசித்தான். அக்காவின் பெருந்தன்மையை நினைத்துக் கண் கலங்கினான். கலங்கிவிட்டு ஒரு முடிவுக்கு வந்தான்.

"நீயும் வெண்பாவும் போயிட்டு வாங்க. நான் அக்காகூட இருக்கேன்."

"என்னது?"

"நீ இவ்வளவு ஆசைப்பட்டது. உன்னைத் தடுக்க மாட்டேன் கலா. ஆனா அக்காவத் தனியா விட்டுட்டு எனக்கு அங்க சோறு எறங்காது. லீவு போட்டது போட்டதுதான், பதினாலு நாளும் வீட்டுலயே இருப்பேன். அனுமார் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன். நம்ம ஃபிரெண்ட் வாஞ்சிநாதன் வீட்டுக்கு, அவங்க வீட்டுக்கு இவங்க வீட்டுக்குன்னு எல்லாரையும் காட்டறேன். அக்கா கையால அரிசிம்பருப்பு சாதம் சாப்பிட்டு எத்தனை வருசமாச்சு!"

தியாகம் பண்ணுகிற சந்தோஷம் அவன் முகத்தில் வழிந்தது. கலாவதிக்கு அவனை என்ன செய்வதென்றே தெரியவில்லை. அவன் வீட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? காலையில் இட்லி, பதினொரு மணிக்குக் காபி, மத்தியானம் அரிசிம்பருப்பு, சாயந்திரம் கச்சாயம். அக்கா, அக்கா, அக்கா. நான்கரை மணி எழுந்திருப்பு கோபியிலிருந்து ஃபிரிஸ்கோவுக்கு மாறியிருக்கும், அவ்வளவுதான்.

"என் டிக்கெட்டை மட்டும் கேன்சல் பண்ணிடு," என்றான்.

"சரி," என்றாள். பண்ணவில்லை. ஜூன் இருபதும் போய்விட்டது.

பண்ணவில்லையே தவிர, சொல்லவும் இல்லை. அதுதான் அவளை அரித்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் இவள் போய்விடலாம். கணவனே அனுப்பிவைக்கிறான், குற்றம் சொல்ல ஆளில்லை. நங்கையாவுக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்றியதாகிவிடும். சொன்னால் அவன் மனசு உடையும், நங்கையா முகம் கெடும், மூன்று பேரும் போகாமல் போனாலும் போகலாம். ஒரு மாதம் இப்படியே யோசித்து யோசித்து, யோசிப்பதே தனி வேலையாகிவிட்டது. பெட்டிகளை அடுக்கினாள். மாவு அரைத்துப் பிரிஜ்ஜில் வைத்தாள். நங்கையாவுக்கு மாடியில் தெற்குப் பக்கத்து அறையைத் தயார் பண்ணி, ஜன்னலுக்குக் கறுப்புத் திரை வாங்கி மாட்டினாள். எதற்கு இவ்வளவு இருட்டுத் திரை என்று இளமாறன் கேட்டான். வெயில் அடிக்குதில்ல என்றாள்.

சண்முகப்ரியா பதினெட்டாம் தேதி மத்தியானம் வந்து இறங்கினாள். சக்கரநாற்காலி வேண்டாம் என்று சொல்லி, இரண்டு பெட்டியும் தானே தள்ளிக்கொண்டு வந்தாள். கால் வீங்கியிருந்தது, கண் உள்ளே போயிருந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் பெட்டியைத் திறந்தாள். முறுக்கு, கச்சாயம், நெய், மூன்று வகைப் பொடி. எல்லாம் தம்பிக்கு. எத்தனை நாள் உட்கார்ந்து செய்தாளோ தெரியவில்லை. இளமாறன் ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்தான். பதினாலு நாளைக்கும் சமையல் பட்டியலை அவன் வாய்விட்டே படித்தபோது, சண்முகப்ரியா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். நீயும் போகலையா சாமி என்று மட்டும் ஒருதரம் கேட்டாள். உன்னை விட்டுட்டா என்றான் அவன். அவள் கலாவதியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. எப்படியும் இப்படித்தான் ஆகும் என்று முன்னமே தெரிந்தவளின் பார்வையாக இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. விமானம் ஞாயிறு காலையில். பதினோரு மணி வரைக்கும் மாடியில் சத்தமில்லை. இளமாறன் மூன்று தடவை படியேறிக் கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு வந்தான்.

"அக்கா இவ்வளவு நேரம் தூங்கி நான் பாத்ததே இல்ல. உடம்புக்கு ஏதாவதா?"

அங்கேதான் கலாவதிக்குப் பொறுக்கவில்லை. பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லைங்க. அவங்க தூங்கத்தான் வந்திருக்காங்க." எல்லாவற்றையும் சொன்னாள். மோட்டார் ரூம், ஆப்பரேஷன், யாரும் இல்லாத வீடு, எதையும் விடவில்லை. "உங்க டிக்கெட்டை நான் கேன்சல் பண்ணலை. நீங்களும் வரணும். நீங்க இங்க இருந்தா அவங்களுக்கு இதுவும் ஊர்தான்."

இளமாறன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. முகம் சிவந்தது. "என்னைப் பாக்க வரலையா அக்கா?"

"உங்களையும் பாக்கத்தான்."

"நீ மங்கோலியா போறதுக்காகக் கதை கட்டாத கலா."

இருபத்திரண்டு வருடத்தில் அவன் சொன்னதிலேயே மோசமான வார்த்தை அதுதான். அவன் விடுவிடுவென்று மாடிக்குப் போனான். கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. இவள் பின்னாலேயே ஓடி, தடுக்க முடியாமல் படியில் நின்றாள். கறுப்புத் திரையிட்ட அறையிலிருந்து சண்முகப்ரியா எழுந்து வந்தாள். முடி கலைந்திருந்தது, கன்னத்தில் தலையணை மடிப்பு.

"அக்கா, நீ என்னைப் பாக்கத்தான வந்தே?"

சண்முகப்ரியா ஒரு கணம் அவனையும், படியில் நின்ற கலாவதியையும் பார்த்தாள்.

"பின்ன? உன்னைப் பாக்காம வேற ஆரப் பாக்க வந்தேன்? மணி என்னாச்சு? நீ இன்னும் சாப்பிடலையா?" கலைந்த முடியை முடிந்துகொண்டே கீழே இறங்கினாள். "பத்து நிமிசம் பொறு சாமி. அரிசிம்பருப்பு வச்சுர்றேன்."

இளமாறன் கலாவதியைப் பார்த்தான். பார்த்தாயா என்று அவன் வாய் திறந்து கேட்கவில்லை, முகமே கேட்டது. அவளுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். போகலாம், நாளைக்குக் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம், எல்லோரும் எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று ஒரு மனசு சொன்னது. எங்கே போனாலும் இந்தக் கலைந்த முடிதான் கண்ணில் நிற்கும் என்று இன்னொரு மனசு சொன்னது.

கீழே குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். தண்ணீர் நிற்கவில்லை. ஐந்து நிமிடம் ஆகியும் நிற்கவில்லை. இளமாறன் எட்டிப் பார்த்தான். பிறகு இறங்கிப் போனான். கலாவதியும் எழுந்து போனாள்.

சண்முகப்ரியா தொட்டிக்கு முன்னால் நின்றிருந்தாள். அரிசிப் பாத்திரம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. வலது கை அரிசிக்குள் இருந்தது, இடது கை தொட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தது. தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கண் மூடியிருந்தது. நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். வழிந்த தண்ணீரோடு அரிசி போய்க்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியவில்லை.

இளமாறன் கையை நீட்டிக் குழாயை மூடினான். தண்ணீர்ச் சத்தம் நின்றதும் அவள் திடுக்கிட்டாள். கண் முழுதாகத் திறக்கவில்லை.

"வந்துட்டனுங் மாமா," என்றாள். "இதா, புரட்டிப் படுக்கப் போடறனுங். ஒரு நிமிசமுங்."

கை அரிசியை விட்டுவிட்டு, யாரோ படுத்திருப்பதுபோல இடுப்பு உயரத்தில் எதையோ தேடியது. இளமாறனின் வயிற்றில் போய்த் தொட்டது. அங்கேயே நின்றது.

இளமாறன் அசையவில்லை. அவன் முகம் என்னவோபோல் ஆகிவிட்டது. அந்த ஈரக்கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, நான் இளமாறன்," என்றான். "எனக்குப் பசிக்கலை. நீ போய்ப் படு."

"அரிசி களைஞ்சாச்சு சாமி..."

"நான் பாத்துக்கறேன். நீ போய்ப் படுக்கா."

தோளைப் பிடித்து மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனான். கதவு சாத்தும் சத்தம் கேட்கவே இல்லை, அவ்வளவு மெதுவாகச் சாத்தினான். இறங்கி வந்து, தொட்டியில் சிதறிக்கிடந்த அரிசியை விரலால் கூட்டி அள்ளினான். கொஞ்ச நேரம் அதையே செய்துகொண்டிருந்தான். கலாவதி பக்கத்தில் நின்றாள்.

"கலா," என்றான் திரும்பாமல். "என் பாஸ்போர்ட் எங்க வச்சிருக்கே?"